எட்டு கஜம் யாருக்கு?



நம் சங்க இதழில் அரிசி விலை, பருப்பு வரத்து, வரிக் கணக்கு, எடைச் சட்டம் என்று படித்துப் பழகிய தங்களுக்கு, ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் என்ற உடுப்பைப் பற்றி நாம் எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். "மளிகைக்காரனுக்குக் கட்டம் போட்ட பாவாடை எதுக்குங்க?" என்று நம் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாம் ஈரோட்டில் நாற்பது ஆண்டுகளாக லுங்கி, வேட்டி, துண்டு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நமக்குத் தெரிந்ததெல்லாம் துணிதான். எதைச் சொல்வதானாலும் துணியை வைத்துத்தான் சொல்ல வரும். ஆனால் இங்கே சொல்லப்போவது நீளத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும், அவற்றை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பற்றியும் ஆகையால், கடையில் தராசு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம்.

கில்ட்டைப் படத்தில் பார்த்தபோது, முழங்கால் வரை தொங்கும் ஏதோ ஒரு துணி என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். கையில் தூக்கிப் பார்த்த பிறகே விஷயம் புரிந்தது. முன்பக்கம் இரண்டு மடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டையாக விழுகின்றன. பின்பக்கம் முழுவதும் கொசுவம். நம் வீட்டுப் பெண்கள் சேலைக்கு முன்னால் வைக்கும் கொசுவத்தை அவர்கள் பின்னால் வைத்து, இடுப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்குக் கையாலேயே தைத்து நிறுத்திவிடுகிறார்கள். அதற்குக் கீழே கொசுவம் பிரிந்து, நடக்கும்போது ஆடும். அந்தக் கொசுவத்துக்குள்தான் துணி முழுவதும் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு துணி என்று கேட்டால், ஊர் முழுக்கச் சொல்லும் பதில் "எட்டு கஜம்" என்பதுதான்.

எட்டு கஜமா என்று மலைக்க வேண்டாம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் கில்ட் துணி பெரும்பாலும் 54 முதல் 60 அங்குல அகலம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஓர் ஆணுக்கு வேண்டியதோ ஏறக்குறைய 24 அங்குலம்தான். ஆகவே நான்கு கஜம் துணி வாங்கி, அகலத்தில் பாதியாகக் கிழித்து, இரண்டு துண்டுகளையும் முனையோடு முனை சேர்த்துவிட்டால் எட்டு கஜம் ஆகிவிடுகிறது. சேர்த்த தையல் ஒரு கொசுவத்துக்குள் மறைந்துபோகும். துணியின் ஓரக்கரையே கீழ் விளிம்பாக நிற்கும். அடியில் மடித்துத் தைப்பது கிடையாது. நம் எட்டு முழ வேட்டியும் நான்கு கஜம்தானே? ஆக ஒரு கில்ட்டுக்கான துணி, நம் எட்டு முழ வேட்டியின் நீளமேதான்; அகலம் மட்டும் சற்றுக் கூடுதல். ஆனால் வேட்டி பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள் நின்றுவிடும். கனமான கில்ட் துணியோ இரண்டு கிலோவை எட்டிப் பார்க்கும்.

அந்த நாட்டில் இந்த உடுப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. மலைநாட்டார் கலகத்தை அடக்கிய பின் 1746இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முதல் இந்த உடுப்பையே தடை செய்துவிட்டது. பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது. பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஊரையே கட்டம் போட்ட துணியில் நிறுத்திவைத்தார். தடை செய்த துணி மன்னர் உடுத்தும் துணியாகிவிட்டது. இதனால் கொழித்தவர்களில் பானக்பர்ன் ஊர் வில்சன் குடும்பத்து நெசவாலையும் ஒன்று. அவர்கள் 1819இலேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த நிறத்தில் எத்தனை இழை என்று ஒரு புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து அதே துணி வேண்டும் என்று கடிதம் வந்தாலும் இழை மாறாமல் நெய்து அனுப்பலாம். வியாபாரி என்ற முறையில் நமக்கு மன்னரைவிட அந்தப் புத்தகத்தின்மேல்தான் மதிப்பு அதிகம்.

இனி நாம் பார்த்ததைச் சொல்கிறோம்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், எடின்பரோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் தங்கை மகனுடைய வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். அவனுடைய அலுவலக நண்பன், அந்த ஊர்ப் பையன், ஆகஸ்டில் கல்யாணம் வைத்திருந்தான். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் கில்ட்டில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. மருமகன் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். "மாமா, இதுதான் அசல். எட்டு கஜம், 16 அவுன்ஸ்" என்று காட்டினான். "அகலம் எவ்வளவுப்பா?" என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. அந்த விளம்பரத்திலும் போடவில்லை. துணிக்காரனுக்கு அங்கேயே மனது உறுத்தியது. "வா, கடையிலேயே போய்ப் பார்க்கலாம்" என்று கிளம்பினோம்.

ராயல் மைல் என்ற பெரிய தெருவில் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்காக வரிசையாகக் கடைகள். வாசலிலேயே கில்ட்டுகள் தொங்கின. முப்பது, நாற்பது பவுண்டு. உள்ளே சீட்டைத் திருப்பிப் பார்த்தால் அக்ரிலிக் என்று இருந்தது. துணி கையில் காற்றுபோல இருந்தது. கொசுவத்தைப் பிரித்து விட்டால் மடிப்பு திரும்ப உட்காரவில்லை. அதைக் குற்றம் சொல்ல மாட்டோம். விளையாட்டாக ஒருநாள் உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறவருக்கு அது போதும். சீட்டில் அக்ரிலிக் என்று உள்ளபடியே எழுதியும் இருக்கிறது. நமக்குக் குறையாகப் பட்டது வேறு. எந்தச் சீட்டிலும் எடை இல்லை.

பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கடை. உள்ளே நம் வயதை ஒத்த ஒருவர் கழுத்தில் நாடாவோடு நின்றிருந்தார். மருமகன் போனதும் "எட்டு கஜம், 16 அவுன்ஸ்" என்று கேட்டான். அவர் விலை சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எங்கே உடுத்தப் போகிறீர்கள்? ஒரு நாளைக்கா, வருடா வருடமா? வெட்டவெளியில் நிற்க வேண்டுமா, மண்டபத்துக்குள்ளா? ஒரே ஒரு நாளைக்கு என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருமகன் பெயர்த்துச் சொன்னபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைக்கு வந்தவரை வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை நாம் அதிகம் பார்த்ததில்லை. இங்கேயே இருக்கப் போகிறேன், இன்னும் பல கல்யாணம் வரும் என்று இவன் சொன்ன பிறகுதான் துணிப் புத்தகத்தை எடுத்தார்.

எடையைப் பற்றி அவர் சொன்னதை நாம் அன்றிரவே டைரியில் குறித்துக்கொண்டோம். அங்கே மீட்டர் வந்து வெகுகாலம் ஆகியும் கில்ட் கடையில் கஜமும் அவுன்சும்தான் புழக்கம். ஒரு கஜ நீளம், முழு அகலம், அந்தத் துண்டின் எடை இத்தனை அவுன்ஸ் என்பது கணக்கு. 10, 11 அவுன்ஸ் இலேசு ரகம். 13 நடுத்தரம். 16 கனம். பட்டாளத்துத் துணி அதற்கும் மேலே போகும். நான்கு கஜத்தை 16ஆல் பெருக்கினால் 64 அவுன்ஸ், அதாவது நான்கு ராத்தல். நம் கணக்கில் 1 கிலோ 800 கிராம். அதே நான்கு கஜம் 13 அவுன்ஸில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையும். 11 அவுன்ஸில் ஒன்றேகால் கிலோ.

கனமான துணியில் கொசுவம் கத்திபோல் விழும். உட்கார்ந்து எழுந்தாலும் மடிப்பு தன் இடத்துக்குத் திரும்பும், காற்றில் தூக்காது. மழையிலும் காற்றிலும் மணிக்கணக்காக நின்று பைப் வாசிக்கிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். மேடையில் நடனம் ஆடுகிறவர்களுக்கோ இலேசு ரகம்தான் வேண்டும். கால் வீச்சோடு துணியும் எழ வேண்டும் அல்லவா? ஜனம் நெருங்கிய மண்டபத்துக்குள் சாப்பிட்டு, ஆடி, இரவு வரை இருக்க வேண்டிய கல்யாணத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி என்றால் வேர்த்து ஒழுகும். அதற்கு 13 போதும் என்றார். துணிப் புத்தகத்திலிருந்து இரண்டையும் மடித்து மருமகனின் இரண்டு கைகளிலும் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் நின்றார். கை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அகலத்தைப் பற்றி நாம் கேட்டபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்றார். ஒரே 16 அவுன்ஸ்தான். ஆனால் 54 அங்குல அகலத் துணியில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 360 கிராம் ஆகிறது, 60 அங்குல அகலத்தில் சுமார் 325 கிராம்தான் ஆகிறது. ரூபாய்க்குப் பத்துப் பைசா வித்தியாசம். இரண்டிலும் சீட்டில் 16 என்றே இருக்கும். பொய் ஏதும் இல்லை. ஆனால் அகலம் தெரியாதவனுக்கு அந்த 16ஆல் என்ன பயன்?

அடுத்தது நீளம். இதில்தான் நமக்குப் புதிய பாடம் கிடைத்தது. எட்டு கஜம் என்பது அளவு என்று நாம் நினைத்திருந்தோம். அவர் அது பெயர் என்றார். எத்தனை கஜம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று உடுத்துகிறவரின் பிட்டச் சுற்றளவு. மற்றொன்று, துணியில் ஒரு கட்டம் முடிந்து அதே கட்டம் மறுபடி தொடங்கும் தூரம்; அதை அவர்கள் செட் என்கிறார்கள், நம் தறிக்காரர்கள் ரிப்பீட் என்பார்கள். பின்பக்கம் கொசுவம் வைத்த பிறகும் துணியின் கட்டம் குலையாமல் முழுசாகத் தெரிய வேண்டும் என்றால், ஒவ்வொரு கொசுவமும் ஒரு முழு ரிப்பீட்டை விழுங்க வேண்டும்.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மருமகன் ஒல்லி, சுற்றளவு 36 அங்குலம். அதில் பாதி முன்மடல், மீதி 18 அங்குலம் பின்பக்கக் கொசுவம். ஒரு கொசுவம் வெளியே முக்கால் அங்குலம் தெரிய வைத்தால் 24 கொசுவம் வரும். துணியின் ரிப்பீட் 6 அங்குலம் என்றால் 24 பெருக்கல் 6, ஆக 144 அங்குலம். முன்மடல் இரண்டுக்கும் ஓர மடிப்புகளுக்கும் ஒரு 60 அங்குலம் சேர்த்தால் 204. ஆறு கஜத்துக்குள் முடிந்துவிட்டது! அதே ஆள் ரிப்பீட் 8 அங்குலமுள்ள துணியைத் தேர்ந்தால் ஏழு கஜம் வேண்டும். சுற்றளவு 48 அங்குலமுள்ள ஒருவர் 8 அங்குல ரிப்பீட்டைக் கேட்டால் ஒன்பது கஜத்தைத் தாண்டும். எல்லோருக்கும் எட்டு என்று விற்றால், ஒல்லியானவரிடம் அதிகம் வாங்குகிறோம். பருத்தவருக்குக் கொசுவத்தைக் குறைத்து ஒப்பேற்றுகிறோம்.

மருமகன் தேர்ந்தது குலப்பெயர் சாராத ஒரு பச்சை நீலக் கட்டம். ரிப்பீட் 6 அங்குலம். "உங்களுக்கு ஆறு கஜம் போதும்" என்றார் அவர். இவனுக்கு முகம் வாடிவிட்டது. "எட்டு கஜம் இருந்தால்தானே அசல்?" என்று கேட்டான். அவர் கோபப்படவில்லை. எட்டையும் அடைக்க முடியும், ஆனால் 24 கொசுவம் வர வேண்டிய இடத்தில் 38 வைக்க வேண்டும், அரை அங்குலத்துக்கு ஒன்றாக அடுக்கினால் பின்னால் தலையணை கட்டியதுபோல் இருக்கும் என்று நாடாவை வைத்துக் காட்டினார். காற்சட்டைக்குச் சொல்லும் இடுப்பளவு உதவாது, கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்பது என்று சொல்லி அங்கே ஓர் அளவு, பிட்டத்தில் ஓர் அளவு, அங்கிருந்து முழங்கால் நடு வரை ஓர் அளவு எடுத்தார். அடியில் மடிப்பு இல்லாததால் நீளம் தவறினால் பிரித்துவிட வழியில்லை என்று அந்தக் கடைசி அளவை மட்டும் இரண்டு தடவை எடுத்தார்.

வெளியே வந்ததும் நாம் மனதுக்குள் கணக்குப் போட்டோம். 16 கேட்டவனுக்கு 13 கொடுத்தார். எட்டு கேட்டவனுக்கு ஆறு கொடுத்தார். முழு அகலத்தில் ஒரு கஜத் துணியின் விலையும், ரக வித்தியாசமும் அவர் கல்லாவிலிருந்து போய்விட்டது. கேட்டதைக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. "இப்படிச் செய்தால் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்" என்று நாம் கூட்டங்களில் பேசுவோமே, அந்தச் சமாதானமும் இங்கே செல்லாது. நல்ல கம்பளியில் கையால் தைத்த கில்ட் இருபது, முப்பது வருடம் உழைக்கும். மருமகன் அந்தக் கடைக்கு இன்றுவரை மறுபடி போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. பெரியவருக்கும் அது தெரிந்தேதான் இருக்கும்.

இதைக் கண்டு நாம் ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்றால், நம் பக்கத்தில் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

1993ஆம் ஆண்டு. தீபாவளிக்கு முன்பு ஒரு வியாபாரி கட்டுக்கட்டாக லுங்கி கொண்டுவந்தார். கையில் எடுத்தால் நல்ல கனம், விறைப்பு. விலை சந்தையைவிடக் குறைவு. கஞ்சி அதிகமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சீசன் நேரம், சரக்குக்குத் தட்டுப்பாடு. வாங்கிப் போட்டோம். நம்மிடம் சரக்கு எடுப்பவர்களில் பாதிப் பேர் கிராமத்து மளிகைக் கடைக்காரர்கள். பருப்பு டப்பாவுக்கு மேல் அலமாரியில் பத்து லுங்கி, பத்துத் துண்டு அடுக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் "கனமான சரக்கு" என்று சொல்லித்தான் கொடுத்தோம்.

தீபாவளி முடிந்து பத்து நாளில் ஒருவர் வந்தார். பவானிக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர். வாரம் தவறாமல் பஸ்ஸில் வந்து சரக்குக் கட்டிப் போகிறவர். பையிலிருந்து ஒரு லுங்கியை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஒரே ஒரு துவை துவைத்த லுங்கி. கொசுவலைபோல் அந்தப் பக்கம் தெரிந்தது. "ஏனுங்கண்ணா, கையில கனம் பாத்துத்தானுங்க வாங்கிட்டுப் போனேன். நீங்களும் கனம்னுதானுங்க சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. மீதி இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். விற்றதற்கும் பணம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் ஊரில் இருபது வீட்டுக்காரர்கள் தீபாவளிக்குப் புதுசு உடுத்தி, அடுத்த வாரமே அவர் கடைமேல் வசை பாடியிருக்கிறார்கள். அதற்கு நாம் என்ன பணம் கொடுக்க முடியும்? அவர் நம் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சில வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். "நல்லா இருக்கீங்களாண்ணா" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு அப்பால் போய்விட்டார்.

அன்று நாம் சொன்ன "கனம்" என்ற சொல்லில் எண் இல்லை. எண் இல்லாத சொல்லுக்குள் கஞ்சியும் அடங்கும், நூலும் அடங்கும். மருமகன் பார்த்த விளம்பரத்தில் எண் இருந்தது; ஆனால் அகலம் இல்லை. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான் என்பது நம் கருத்து.

அதற்குப் பிறகு நம் கடையில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். புதுச் சரக்கு வந்தால் ஒன்றைப் பிரித்து, துவைத்து, நன்றாக உலர்த்தி, அதிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசில் நிறுப்போம். வரும் கிராமை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை வந்துவிடும். துவைக்காத துண்டு ஒன்றையும் அதேபோல நிறுத்துப் பார்த்தால் கஞ்சி எவ்வளவு என்று வெளுத்துவிடும். ஒரு லுங்கி வீண்தான். அந்த ஒரு லுங்கி விலையைச் செலவில் எழுதிவிடுகிறோம். துணி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதைச் செய்து பார்க்கலாம். படிப்பு ஏதும் தேவையில்லை.

ஆனால் பெரியவரிடம் பார்த்தது இதைவிட ஒரு படி மேலே. நாம் எடையைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டோம். அந்த எடை வாங்குகிறவருக்குத் தேவையா என்று கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. சட்டம் முதலாவதைத்தான் கேட்கும். 2009ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டம் பொட்டலத்தில் நிகர எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். அந்தப் பொட்டலம் அந்த வீட்டுக்குப் பெரிதா சிறிதா என்று எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. தனியாக இருக்கும் ஒரு பாட்டி, சலுகை விலை என்று ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைத் தூக்கினால் பெரிய கடையில் பில் போட்டுவிடுவார்கள். எண்ணெய் காறிப்போகும் வரை அது அவர் அடுப்படியில் இருக்கும். நம் உறுப்பினர் கடையில், "அம்மா, உங்களுக்கு அரை லிட்டர் போதுமே, தீர்ந்ததும் பையனை அனுப்புங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறார். பெரிய கடைக்கும் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கும் விலையில் நாம் ஈடுகொடுக்க முடியவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் புலம்புகிறோம். விலையில் முடியாதுதான். அவர்கள் கேட்க முடியாத கேள்வி ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அதை ஏன் நாம் கேட்பதில்லை?

இதற்கு எதிர்ப்பேச்சு உண்டு என்பதும் நமக்குத் தெரியும். இதை நம் மகனிடம் சொன்னபோது, "அப்பா, நாம ஆறு போதும்னு சொன்னா அவர் பக்கத்துக் கடையில போய் எட்டே வாங்கிக்குவார். நமக்கு ஆறும் போச்சு" என்றான். நடக்கும். நம் கடையிலேயே நடந்திருக்கிறது. வெயில் காலத்துக்குக் கட்ட வேண்டும் என்று ஒருவர் கனமான வேட்டியே கேட்டார். இலேசு ரகத்தைக் காட்டினோம், மட்டமான சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்று நினைத்து எழுந்து போய்விட்டார். குறைவானதைச் சொல்கிறவன்மேல்தான் சந்தேகம் முதலில் வருகிறது. பெரியவர் வெறுமனே "ஆறு போதும்" என்று சொல்லியிருந்தால் மருமகனும் எழுந்துதான் போயிருப்பான். அவர் நாடாவை வைத்துக் காட்டினார். துணியைக் கையில் கொடுத்துக் காட்டினார். நாம் அந்த வேட்டிக்காரரிடம் இரண்டையும் கையில் கொடுக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தோம். தவறு நம்முடையதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா நேரமும் குறைவாகச் சொல்வதுதான் நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருமகனின் நண்பர்களில் ஒருவர் நல்ல தாட்டியான ஆள். அவர் மலிவாக இருக்கிறதே என்று ஐந்து கஜக் கில்ட் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். ஐந்து கஜத்தில் தைப்பதும் ஒரு ரகம்தான். இலேசாக இருக்கும், ஒல்லியானவர்களுக்கு நன்றாகவே நிற்கும். இவருக்கோ மடல் இரண்டுக்கும் போக மிஞ்சிய துணியில் பின்னால் பேருக்குத்தான் கொசுவம் வந்தது. கல்யாணத்தன்று மேல் கோட்டைக் கழற்றவே இல்லையாம். அவரிடம் யாராவது "உங்களுக்கு ஒன்பது கஜம் வேண்டும், விலை இவ்வளவு ஆகும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதிகம் சொல்லவும் தைரியம் வேண்டும்.

மருமகன் 2022 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, நாம் கேட்டுக்கொண்டபடி அந்தக் கில்ட்டையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். கடைப் பையன்கள் விரித்துப் பார்த்து, கொசுவத்தை எண்ணினார்கள். 24 சரியாக இருந்தது. ஒருவன் இடுப்பில் சுற்றிப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தான். நாம் அதை வாங்கி நம் தராசில் போட்டோம். 13 அவுன்ஸ், முழு அகலத்தில் மூன்று கஜம் என்றால் 39 அவுன்ஸ். கிராமில் 1,105 வர வேண்டும். உள் துணி, தோல் வார், கொக்கி எல்லாம் சேர்த்து 1 கிலோ 140 கிராம் காட்டியது.